சாயங்காலத்துக் கால்

அநியாயம் நடந்தது முப்பிடாதிக்கு. அவள் நடிக்கிறாள் என்று சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார் சொன்னார், சேலைக்கடையில் மேற்பார்வையாளர் சொன்னார், பெற்ற தாயே அரைமனதாகச் சொன்னாள். அதையெல்லாம்கூட விட்டுவிடலாம், அவர்கள் யாரும் நரம்பைப் படித்தவர்கள் இல்லை. இன்று காலை பெரியாஸ்பத்திரியின் நரம்பியல் துறைக் கூட்ட அறையில், டாக்டர்கள் எல்லாரும் சுவரோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு அந்தப் பெண் ஒரு குறையும் இல்லாமல் நடந்து காட்டியதும், படித்தவர்களும் அதையே சொன்னார்கள். துறைத் தலைவர் நமசிவாயம் சார் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், நார்மல் என்றார். முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், அதுவும் நார்மல் என்றார். பிறகு உதவிப் பேராசிரியர் செண்பகவல்லியின் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி, "கால் கோணுறது காலையில வராதாம், பொழுது சாஞ்சா மட்டும் வருமாம். ஏம்மா செண்பகம், வியாதி என்ன வாட்ச் கட்டிக்கிட்டா வருது?" என்று கேட்டார். அறை சிரித்தது. மேற்படிப்புப் பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்வார்கள், அவர்களுடைய மார்க் அவர் கையில் இருக்கிறது. முப்பிடாதியும் சேர்ந்து சிரித்தாள் என்பதுதான் செண்பகவல்லியை உறுத்தியது. தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தும், பெரியவர்கள் சிரிக்கும் இடத்தில் உம்மென்று நின்றால் மரியாதை இல்லை என்று சிரித்தாள். செண்பகவல்லி, கோவில்பட்டித் தெருவில் வாயாடி என்று பெயரெடுத்தவள், கல்லூரிப் பட்டிமன்றங்களில் எதிரணியை அழவிட்டவள், அந்த நேரம் பார்த்து வாயைத் திறந்தாள், மூடினாள். பதில் வரவில்லை.

இப்போது வருகிறது. கேட்க ஆள் இல்லாத இந்த மதியத்தில், வெளிநோயாளிகள் கூடத்துச் சிமெண்டு பெஞ்சில் முப்பிடாதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, பஸ் போன பிறகு மூச்சிரைக்க ஓடி வருகிறவர்களைப் போலப் பதில்கள் ஒவ்வொன்றாக வந்து சேருகின்றன. மாலைக்கண் நோய் என்று ஒன்று இருக்கிறதே சார், அது மட்டும் வாட்ச் கட்டியிருக்கிறதா? நல்ல பதில்தான். ஆனால் சார் விடமாட்டார். அது வெளிச்சத்தைப் பொறுத்ததும்மா, நேரத்தைப் பொறுத்தது இல்லை, நடுப்பகலில் இருட்டறையில் விட்டாலும் அவனுக்குக் கண் தெரியாது என்பார். அதுவும் சரி. எதிராளியின் பதிலையும் தானே யோசித்துத் தன்னையே மடக்கிக்கொள்வது அவளுடைய பழைய வியாதி, அதற்கு வேளை கிடையாது, எந்நேரமும் வரும். சரி, செருப்பு? முப்பிடாதியின் வலது செருப்பைப் பாருங்கள் சார், வெளிப்பக்க ஓரம் மட்டும் தேய்ந்து தகடாகிவிட்டது, உள்பக்கம் கடையில் வாங்கிய மாதிரியே இருக்கிறது. செருப்பும் சேர்ந்து நடிக்கிறதா? இது இன்னும் நல்ல பதில். இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் காலையில் கூட்ட அறைக்குள் செருப்பைப் போட்டு வராதே என்று வாசலிலேயே கழற்ற வைத்துவிட்டார்கள், சாட்சி வெளியே கிடந்தது, உள்ளே தீர்ப்பு நடந்தது. மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுங்க, அடுத்த கேஸ் என்றார் சார். மனநலப் பிரிவுக்குப் போவதில் என்ன கேவலம்? ஒன்றுமில்லை. அங்கே போகிறவர்களும் நடிப்பதில்லை, அவர்கள் வலியும் வலிதான். உன்னை நான் நம்பவில்லை என்பதை நாகரிகமாகச் சொல்ல அந்தப் பிரிவின் பெயரைக் கடன் வாங்குகிறார்களே, அதுதான் கேவலம். இதையும் சொல்லியிருக்கலாம். எத்தனை சொல்லியிருக்கலாம்.

கூட்டம் முடிந்ததும் வராந்தாவில் அவர் பின்னாலேயே ஓடி, ஒரே ஒரு தடவை சாயங்காலம் பாருங்க சார் என்று கேட்டாள். சாயங்காலமா, எனக்குக் கிளினிக் இருக்கேம்மா என்றார், ஏதோ நடுநிசியில் மயானத்துக்குக் கூப்பிட்டதைப் போல. காரை எடுக்க இந்த வழியாகத்தானே சார் வருவீங்க என்று விடாமல் நின்றாள். அவளைத் தவிர்க்க வேறு வழியில்லாததால், சரி, காலேஜ்ல கிளாஸ் முடிஞ்சு அஞ்சு மணி போல வருவேன், ரெண்டே நிமிஷம் என்றார். அந்த ரெண்டு நிமிஷத்துக்காகத்தான் இந்தக் காத்திருப்பு. காலையில் இந்தக் கூடத்தில் எள் போட்டால் எள் விழாது. சீட்டு வாங்கும் வரிசை வாசலைத் தாண்டிப் புளியமரம் வரை போகும், குழந்தைகள் அலறும், செக்யூரிட்டி கத்துவார். மதியம் சீட்டுக் கொடுக்கும் ஜன்னல் சாத்தியதும் யாரோ சொடுக்குப் போட்ட மாதிரி காலியாகிவிடும். பினாயில் வாசனை, பூனை ஒன்று, மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குக் கீழே சிதறிக் கிடக்கும் காகிதப் பொட்டலங்கள். இத்தனை வருஷம் இந்தத் துறையில் இருந்தும் இந்தக் கூடத்தை இந்த வேளையில் செண்பகவல்லி பார்த்ததே இல்லை. அவளும் வார்டுக்குப் போய்விடுவாள், அல்லது வகுப்புக்கு. யாருமே பார்த்ததில்லை. காலையில் மட்டும் கடை திறக்கிற ஆஸ்பத்திரி, சாயங்காலம் மட்டும் கடை திறக்கிற டாக்டர்கள், நடுவில் சாயங்காலம் மட்டும் கோணுகிற ஒரு கால். அது யார் கண்ணில் பட வேண்டும்? சார் கிளினிக்குக்குப் போய்க் காட்டலாம்தான், அங்கே டோக்கன் வாங்குகிற வசதி இருந்தால் முப்பிடாதி எதற்குப் புளியமரத்தடியில் வந்து நிற்கிறாள்?

வெள்ளைக் கோட்டின் பையில் மாத்திரை இருக்கிறது. விரல் அடிக்கடி அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது, வீட்டுச் சாவி இருக்கிறதா என்று பார்ப்பது போல. பெரிய மாத்திரை ஒன்றுமில்லை, கை நடுக்கத்துக்குக் கிழவர்களுக்குக் கொடுக்கிற அதே மாத்திரைதான், அதிலும் பாதி போதும். உடம்புக்குள் கால் கையை இயக்குகிற ஒரு ரசம் ஊறுகிறது. எல்லாருக்கும் கிணறு மாதிரி ஊறும். முப்பிடாதிக்குத் தெருக்குழாய் மாதிரி. ராத்திரி தூங்கும்போது கொஞ்சம் சேரும், விடிந்ததும் குடம் நிறைந்திருக்கும், பொழுது ஏற ஏறச் செலவாகி, வெயில் தாழும்போது அடி தெரியும், அப்போது பாதம் உள்பக்கமாகக் கோணும். மறுபடி தூங்கினால் மறுபடி நிறையும். அவ்வளவுதான் வியாதி. பத்து லட்சத்தில் ஒருத்தருக்கு வரும், ஆனால் வந்துவிட்டால் இதைவிட வாகான வியாதி கிடையாது, பாதி மாத்திரைக்கு மடங்கிப் போகும், ஆயுசுக்கும். அப்படியானால் ஏன் இன்னும் கொடுக்கவில்லை? இந்தக் கேள்வி வந்ததும் விரல் பையிலிருந்து வெளியே வந்துவிடுகிறது. காலையிலேயே கேட்டாள், மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமா சார் என்று. மாத்திரை கொடுத்தா நடிப்பும்தாம்மா சரியாப் போகும், கோயில் தண்ணி தெளிச்சாலும் சரியாப் போகும் என்றார். பாருங்கள் இந்த நியாயத்தை. வியாதி தெரியாவிட்டால் நடிப்பு, வியாதி குணமானாலும் நடிப்பு. இப்போது கொடுத்துவிட்டால் கால் கோணாது, சார் வந்து பார்ப்பார், நான் அப்பவே சொல்லலையா என்பார், முப்பிடாதி ஆயுசுக்கும் குணமாகி ஆயுசுக்கும் பொய்க்காரியாக இருப்பாள். அவர் முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். சரிதான், இது சரியான வாதம்தான். வாதம் சரியாக இருக்கிறது என்பதற்காக ஒருத்தியின் மருந்தைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமா? இது அவளுக்காகவா, எனக்காகவா? எனக்காகவும்தான். அதனால் என்ன, ஒரே வண்டியில் இரண்டு பேர் போகக் கூடாதா? கூடும். ஆனால் கால் கோணப்போவது ஒருத்திக்குத்தானே.

அந்தக் கோணல் காலைச் செண்பகவல்லி கண்டுபிடித்ததே சேலைக்கடையில். சித்தி மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க அம்மா இழுத்துப் போயிருந்தாள், சாயங்கால நேரம், கூட்டம். மூன்றாவது மாடியில் ஒரு பெண் கைநிறையச் சேலைகளை அடுக்கிக்கொண்டு அலமாரி வரிசைக்கு நடுவே பின்னாலேயே நடந்து வந்தாள். பின்னால் நடப்பது என்றால் முதுகு காட்டி, திரும்பிப் பார்த்துப் பார்த்து, தடுமாறாமல், வெகு லாகவமாக. மற்றப் பெண்கள் சிரித்தார்கள். மேற்பார்வையாளர், இவ ஒரு கோமாளி மேடம், முன்னால நடன்னா கால் வலிக்குதும்பா, பின்னால ஜோரா நடப்பா, உக்கார்றதுக்கு இப்படி ஒரு நாடகம் என்றார். செண்பகவல்லியின் கையில் இருந்த பட்டு நழுவியது. கொஞ்சம் முன்னால நடங்கம்மா என்று அந்தப் பெண்ணைக் கேட்டாள். நடந்தாள், வலது பாதம் உள்ளே முறுக்கி, ஓரத்தில் ஊன்றி, முகம் சுளித்து. பின்னால நடங்க. நேராகிவிட்டது. முன்னால் நடக்க ஒரு ஏற்பாடு, பின்னால் நடக்க இன்னொரு ஏற்பாடு, முதலாவது பழுதானால் இரண்டாவது பழுதாக வேண்டும் என்று மூளைக்குச் சட்டமில்லை. படித்தவர்களுக்கு இது சந்தேகத்தைப் போக்குகிற அடையாளம், படிக்காதவர்களுக்குச் சந்தேகத்தைக் கிளப்புகிற அடையாளம். சேலை பாக்க வந்தியா, காலைப் பாக்க வந்தியா என்று அம்மா கடையிலேயே சண்டை பிடித்தாள். சேலைக்கடையில் விற்கிற பெண்கள் உட்காரலாம் என்று சட்டமே வந்துவிட்டது, ஸ்டூலும் போட்டிருக்கிறார்கள், ஆனால் உட்கார்ந்தவளை முதலாளி பார்க்கிற பார்வைக்குச் சட்டம் எதுவும் வரவில்லை. போன மாதம் முப்பிடாதியை நிறுத்திவிட்டார்கள். பெரியாஸ்பத்திரியில் நிஜமான வியாதிதான் என்று எழுதி வாங்கி வா, பில் போடுகிற இடத்தில் உட்கார்த்துகிறோம், இல்லையென்றால் நடிப்புக்குச் சம்பளம் கொடுக்க இது சினிமாக் கம்பெனி இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த எழுத்துக்குத் துறைத் தலைவர் கையெழுத்து வேண்டும்.

நமசிவாயம் சார் கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் சண்டை சுலபம். பக்கவாதம் வந்த ஒரு ஆட்டோ டிரைவருக்காக மந்திரி ஆபீஸ் வரை போய்க் கத்தினவர் அவர். ஆனால் ஸ்கேனில் தெரிவதுதான் வியாதி அவருக்கு. செண்பகவல்லி படித்ததோ ஸ்கேனில் தெரியாத வியாதிகளை. கால் கையின் அசைவு கெட்டுப்போவதில் எத்தனை தினுசு இருக்கிறது, நடுக்கம், முறுக்கு, துள்ளல், உறைந்து நின்றுபோவது. ஒன்றுக்கும் படம் கிடையாது, ரத்தத்தில் கிடையாது, பார்க்க வேண்டும், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் சோதனை. இந்தப் படிப்புக்கு நேர்முகத்தில் போய் உட்கார்ந்தபோது ஒருவர், பொம்பளப் பிள்ளைதானேம்மா, தோல் டாக்டருக்குப் படிக்கலாமே, ராத்திரி போன் வராது, குடும்பத்துக்கும் சௌகரியம் என்றார். தோலும் நரம்பும் கருவில் ஒரே இடத்திலிருந்துதான் சார் வருது, நான் கொஞ்சம் உள்ளே போறேன் என்றாள். அப்போது வந்ததே பதில், இன்று காலை எங்கே போனது? வெளியூரில் போய்ப் பயிற்சி எடுத்த இடத்தில் நோயாளிகளின் வீடியோவைச் சத்தம் இல்லாமல் பார்க்க வைப்பார்கள். வாய் சொல்லுறதை நம்பாதே, உடம்பு சொல்லுறதைப் பார் என்பார்கள். நன்றாகக் கற்றுக்கொண்டாள், இன்று வரை ஒரு கல்யாணத்தில் நிம்மதியாகச் சாப்பிட முடியாது, பந்தியில் எதிரே உட்கார்ந்திருக்கும் மாமாவின் இடது கை நடக்கும்போது வீசாமல் தொங்குகிறதே என்று பாயசம் இறங்காது, சொன்னால் அபசகுனம், சொல்லாவிட்டால் பாவம். அம்மாவோ வருகிறவர்களிடமெல்லாம் எம்மவ கை கால் நடுங்குறதுக்குப் பாக்குத டாக்டர் என்று சொல்லிவிட்டு, ஏதோ குறைந்துபோன மாதிரி, ஆனா பெரிய படிப்பு என்று சேர்ப்பாள். ஆனால் அந்தச் சத்தமில்லாத வீடியோ விஷயத்தில் செண்பகவல்லிக்கு அப்போதே ஒரு தகராறு இருந்தது, இப்போது அது பெரிதாகிவிட்டது. உடம்பை மட்டும் பார் என்றால், காலையில் பார்த்தால் முப்பிடாதியின் உடம்பும் பொய்தான் சொல்லும். வாய்தான் நிஜத்தைச் சொன்னது. பொழுது சாய, பொழுது சாய என்று, ரெண்டு வருஷமாகச் சாரிடம் காட்ட வந்தபோதெல்லாம் அவள் சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு சொல்லில் வியாதியின் பெயர் முழுசாக இருந்தது. சத்தத்தை அணைத்து வைத்தவர்கள் நாம்.

முப்பிடாதியின் தலை ஆடியது. செண்பகவல்லி திடுக்கிட்டுப் பார்த்தாள். தூக்கம். முதல் பஸ்ஸைப் பிடிக்க இருட்டில் எழுந்தவள், சாப்பிட்ட தயிர்சாதம் கண்ணைச் சொக்குகிறது, மோவாய் நெஞ்சில் படுகிறது. தூங்கினால் குடம் நிறைந்துவிடும். ஒரு அரைத் தூக்கம் போதும், அஞ்சு மணிக்குக் கால் புத்தம் புதுசாக இருக்கும், சார் வந்து பார்ப்பார், ரெண்டு நிமிஷம்கூட வேண்டாம், அரை நிமிஷத்தில் போய்விடுவார், இன்னொரு சாயங்காலம் கேட்க முடியாது, எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? எழுப்ப வேண்டும். களைத்துத் தூங்குகிற ஒருத்தியை, அவள் கால் கோண வேண்டும் என்பதற்காக எழுப்ப வேண்டும். நோய் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் டாக்டர் உலகத்தில் வேறு யாராவது உண்டா? வா, வந்து தொலை, இன்றைக்கு மட்டும் ஏமாற்றிவிடாதே என்று ஒரு பாதத்தைப் பார்த்து மனசுக்குள் மன்றாடுகிற நிலைமையை என்னவென்று சொல்ல. ஒருவேளை வராவிட்டால்? ஒருவேளை சார் சொல்வதுதான் சரியாக இருந்து, சேலைக்கடையில் நான் பார்த்தது ஆசைப்பட்டதைப் பார்த்ததாக இருந்தால்? இல்லை. இல்லை. பார்த்தது பார்த்ததுதான். பின்னால் நடந்தாள், நேராகிவிட்டது. அதை நடிப்பதற்கு இந்தப் படிப்பைப் படித்திருக்க வேண்டும். அவள் முப்பிடாதியின் தோளைத் தொட்டாள். டீ குடிக்கலாம் வா என்றாள், நடந்தே போவோம் என்றாள், வெளிகேட் டீக்கடை வரை, வெயிலில், வேண்டுமென்றே நீளமான வழியாக. வழியெல்லாம் பேச்சுக் கொடுத்தாள். முப்பிடாதி பட்டில் எத்தனை தினுசில் ஏமாற்றலாம் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். நீங்க போன தடவ எடுத்ததும் கொஞ்சம் ஏமாத்துதான் டாக்டரம்மா என்றாள், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தாள். செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவிடம் சொல்லக் கூடாது.

திரும்பி வரும்போது, கூடத்தின் வாசல் படியில், அது வந்தது. முதலில் பெருவிரல் தானாக நிமிர்ந்தது, யாரோ நூல் கட்டி இழுத்ததைப் போல. அப்புறம் கணுக்கால் மெல்ல உள்ளே சாய்ந்தது, உள்ளங்கால் மற்றக் காலைப் பார்த்துத் திரும்பியது, முப்பிடாதி செருப்பின் தேய்ந்த ஓரத்தில் ஊன்றிக்கொண்டு தூணைப் பிடித்தாள். வந்துட்டு டாக்டரம்மா என்றாள், விருந்தாளியைச் சொல்கிற மாதிரி. செண்பகவல்லிக்கு ஒரு நொடி சந்தோஷம் பொங்கியது, அடுத்த நொடி அந்தச் சந்தோஷத்தைக் கண்டு கூசியது. கெண்டைக்கால் தசை கல்லாக இறுகித் துடிப்பது பாவாடைக்கு மேலேயே தெரிந்தது. மணியைப் பார்த்தாள். மதியத்திலிருந்து எத்தனை தடவை பார்த்தாளோ, நாடி பிடிக்க வாகாக மணிக்கட்டின் உள்பக்கம் கட்டியிருக்கும் வாட்சை. அஞ்சு ஆகிவிட்டது. அஞ்சும் தாண்டியது. சார் வரவில்லை. மரத்தடியில் அவர் கார் நிற்கிறது, டிரைவர் கதவைத் திறந்து வைத்துக் காலை வெளியே நீட்டி உட்கார்ந்திருக்கிறார். வகுப்பு இழுத்துவிட்டதா, வேறு வழியாகப் போய்விட்டாரா, மறந்தே போனாரா. முப்பிடாதி பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பாதத்தைப் பிடித்து வெளியே திருப்பப் பார்க்கிறாள், அது ஸ்பிரிங் போல உள்ளேயே போகிறது, உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். விரல் பைக்குள் போயிற்று. போதும். வாதம் எங்கேயோ போகட்டும், அந்த ஆள் நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன, நான் நம்புகிறேன், இவள் நடப்பாள், அது போதாதா? மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். இதைப் போட்டா கால் சரியாயிரும், அவர் வர்ற வரைக்கும் பொறுக்க வேண்டாம் என்றாள். எடுத்துச் சொல்ல வேண்டியதையும் சொன்னாள்: முன்னாலேயே போட்டுவிட்டால் நடிப்பு என்று சொன்னவர்கள் மாற்றிச் சொல்ல மாட்டார்கள், அந்தக் கையெழுத்து கிடைக்காமலும் போகலாம், ஆனாலும் உன் கால், நீதான் சொல்ல வேண்டும் என்றாள். இதைக் காலையிலேயே இவளிடம் கேட்டிருக்க வேண்டுமோ என்று அப்போதுதான் உறைத்தது. மதியம் முழுக்கத் தனக்குள்ளேயே இரண்டு கட்சியாகவும் நின்று வாதாடியவள், வழக்கு யாருடையதோ அவளைக் கூப்பிடவில்லை.

முப்பிடாதி மாத்திரையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். இத்தனை வருஷத்துக் கோயில், மந்திரிப்பு, தைலம், அடி, எல்லாம் போய் இத்துனூண்டா என்று பார்த்த மாதிரி இருந்தது. பிறகு செண்பகவல்லியின் விரல்களை மடக்கி மூடினாள். "அவரு பாக்கட்டும் டாக்டரம்மா. வலி எனக்குப் பழகுனதுதான். நா பொய் சொல்லலன்னு ஒருத்தரு வாயால கேட்டுட்டு அப்புறமாப் போடுதேன்."

அவர் வந்தார். வேகமாக, போனைக் காதில் வைத்துக்கொண்டு, வரேன்யா, அவங்களை உக்காரச் சொல்லு என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு. நேராகக் காரைப் பார்த்துப் போனவர் இவர்களைக் கண்டு நினைவு வந்து திரும்பினார். இன்னொரு கையில் பேனா மூடியைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உருட்டிக்கொண்டே இருந்தன; பழக்கதோஷத்தில் செண்பகவல்லியின் கண் அங்கே போயிற்று, மாத்திரை உருட்டுகிற மாதிரி, கிழவர்களுக்கு வருகிற அந்த நடுக்கமோ? ஒரு கணம், கடவுளுக்கும் நியாயம் தெரியும்போல என்று மனம் துள்ளியது. இல்லை. மூடியைப் பையில் போட்டதும் விரல் சும்மா இருந்தது. வெறும் பழக்கம். அவருக்கு ஒரு வியாதியும் இல்லை. வியாதிகள் நியாயம் பார்த்து வருவதில்லை. எங்கே நட பாப்போம் என்றார். முப்பிடாதி நடந்தாள். கூடத்தில் வேறு சத்தம் இல்லாததால் செருப்பின் ஓரம் தரையில் இழுபடுவது நன்றாகக் கேட்டது. அவர் போனை அணைத்தார். கவனம் சிதறினால் நடிப்புக் கலையும் என்பது பழைய சோதனை. சேலை ரகமெல்லாம் வரிசையாச் சொல்லிக்கிட்டே நட என்றார். சுங்குடி, கண்டாங்கி, மென்பட்டு, பூனம், கோட்டா என்று அவள் கடையில் நிற்கிற குரலில் சொல்லிக்கொண்டே நடந்தாள், கால் கோணலாகவே வந்தது. அவர் தேய்த்த பேண்ட்டோடு அந்தப் பினாயில் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து பாதத்தைப் பிடித்தார், திருப்பினார், விட்டார், கெண்டைத் தசையின் மேல் உள்ளங்கையை வைத்து வைத்தபடியே இருந்தார். அவர் கை ஒரு நோயாளியின் மேல் இவ்வளவு நேரம் இருந்து செண்பகவல்லி பார்த்ததில்லை. பிறகு, அவள் சொல்லிக்கொடுக்காமலே, தானாகவே, தணிந்த குரலில், பின்னால நட என்றார். முப்பிடாதி பின்னால் நடந்தாள். பாதம் நேராகியது. இரண்டு டாக்டர்களும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, பார்க்க வேண்டியிருக்கவில்லை.

நீ நடிக்கலம்மா என்றார், இன்னும் தரையில் இருந்தபடியே. முப்பிடாதி தலையை ஆட்டினாள், விலை ஒத்துக்கொண்ட வியாபாரியைப் போல ஒரே ஒரு தடவை. மாத்திரை வச்சிருக்கியா செண்பகம் என்று கேட்டார். உள்ளங்கை வேர்வையில் ஓரம் கரைந்திருந்த அதை வாங்கிப் பாதியாக உடைத்துத் தானே முப்பிடாதியிடம் கொடுத்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்தும் கொடுத்தார். கடைக்கு எழுதி வை, காலையில முதல் கையெழுத்து அதுதான் என்றார். மரத்தடியில் டிரைவர் ஹாரனை மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார், கிளினிக்கில் கூட்டம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். சார் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டு மணிக்கட்டைப் பார்த்தார். பார்த்தவர் போகவில்லை. வாட்சைப் பார்த்தபடியே, அவளிடமா தன்னிடமா என்று தெரியாத குரலில், "ரெண்டு வருஷமா எங்கிட்டத்தான் வந்திருக்கா. நான் எப்படிம்மா இதை ஒரு தடவைகூடப் பாக்காம விட்டேன்?" என்று கேட்டார். காலையிலிருந்து தீட்டித் தீட்டி வைத்திருந்த பதில்கள், மாலைக்கண்ணும் செருப்பும் மனநலப் பிரிவும், வரிசையில் நின்றன. செண்பகவல்லி ஒன்றையும் எடுக்கவில்லை. தன்னுடைய மணிக்கட்டையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். கூட்ட அறையில் வராதது இப்போது தானாக வந்தது, அவள் நினைத்திருந்த அளவுக்குச் சூடில்லாமல்.

"வியாதி வாட்ச் கட்டல சார். நாமதான் கட்டியிருக்கோம்."